சாப்பாடு எங்கள் முதலாளி உபயம்

எங்கள் கடையில் சமையல்காரர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. முதல் நாள் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போவார்கள். மறுநாள் காலை அரிசி ஊறிக் கிடக்கும், ஆள் வரமாட்டார். கைப்பேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பாதிப் பேர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விடுவார்கள். அதே குழம்பை அங்கே கிண்டினால் கைக்கு வருவது வேறு. வேலை பெர்மிட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் லீவில் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. அவர்கள் இடத்துக்கு வேறு ஆள் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டால் பதில் வருவதில்லை. ஜொகூரில் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இவ்வளவும் சொல்வார்கள். இதற்கு மேல் சொல்லமாட்டார்கள். அந்த மிச்சத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கடை தெப்ராவில், ஒரு தாமான் குடியிருப்பின் கடை வரிசையில் மூலைக் கடை. மதியம் வாழை இலைச் சாப்பாடு, மாலையில் தோசை, வடை. என்னை மேனேஜர் என்று சொல்லி எடுத்தார்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலையோடு மல்லுக்கட்டியவர்கள். ஆகவே படித்ததை எங்காவது பயன்படுத்தியே தீரவேண்டும் என்ற அவசரம் எனக்கு இருந்தது. சமையல்காரர்கள் ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம் என்று மனதார நம்பினேன்.

கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பிட வந்தவர் யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், பாஸ் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து அந்த மேசை முன்னால் நிற்கவேண்டும்.

"கஸ்டமர் மூஞ்சியப் பாத்துச் சொல்லுய்யா. இது ரசமா?"

ஒருமுறை மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரை, சாப்பிட்டவரின் இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்று பார்க்கச் சொன்னார். அடுத்தவன் எச்சில் இலை. கடை நிறைய ஆட்கள். அந்த மனிதர் குனிந்து இரண்டு விரலால் கிள்ளி வாயில் வைத்தார், மென்றார். "உப்பு கூடத்தான் பாஸ்," என்றார். அவர் ஊருக்கு லீவில் போனபோது நான்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம்.

பாஸுக்கு இது கொடுமை என்று தோன்றவே இல்லை. சின்ன வயதில் தட்டு கழுவி, அடி வாங்கி மேலே வந்தவர். "நான் வாங்கினதுல கால்வாசி இவனுங்க வாங்கல," என்பார். அதைப் பெருமையாகச் சொல்வார். தான் இளகிப்போய்விட்டதாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒருநாள் தைரியம் வந்து சொன்னேன். "பாஸ், ஆளுங்க சம்பளத்துக்கு மட்டும் போகல. ஞாயித்துக்கிழமை ஒரு லீவு கெடையாது. நல்லது கெட்டதுக்குப் போக முடியல. குடும்பத்து ஆளா நடத்தினா நிப்பாங்க."

"படிச்சவரே," என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் லீவு குடுத்துர்றேன். நீங்க வந்து முட்டை அவிச்சுப் போடுங்க, ஜனம் வரிசையில நின்னு சாப்பிட்டுட்டுப் போவும்." காசு மேசையில் இருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் 'குடும்பத்து ஆள்' என்ற பேச்சு அவர் காதில் தங்கிவிட்டது. அது பிறகுதான் தெரிந்தது.

எல்லாரும் போன பிறகும் நின்ற சமையல்காரர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர், அது மூடியதும் எங்களிடம் வந்தார். அவரையும் ஒருமுறை மேசைக்குக் கூப்பிட்டார் பாஸ். கூட்டு காரம் என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தார். அக்கா இலையைப் பார்த்தார், வழித்து நக்கியதுபோல் இருந்தது. "காரம்தான் சார், பாவம். இன்னும் கொஞ்சம் போடவா?" என்றார். பக்கத்து மேசைகளெல்லாம் சிரித்தன. பாஸும் சிரிக்கவேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

அக்காவுக்குக் கணவர் இல்லை. மகள் பள்ளியில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டில் பெரிய சண்டை. தாரை வார்க்கும்போது பெற்றவர்கள் இருவரும் மணவறையில் நின்று, பெண்ணின் கையில் நீர் வார்த்து மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கவேண்டும். கணவனை இழந்தவர் அங்கே நிற்கக்கூடாது, பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்பார்கள் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அக்காவும் தலையாட்டிவிட்டார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மா கையால தண்ணி வார்த்தாதான் உக்காருவேன். இல்லன்னா கல்யாணமே வேணாம்னு சொல்லிட்டா தம்பி," என்று அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "மாப்பிள்ளையும் அவ பக்கம். குருக்கள்கிட்டயே போய்ப் பேசியிருக்குதுங்க ரெண்டும். அவரும், காலம் மாறிப்போச்சு, செய்யட்டும்னுட்டாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? எனக்குப் பயமா இருக்கு. எல்லார் முன்னாடியும் நிக்கணும்ல." ஆனால் அவர் முகத்தில் பயம் தெரியவில்லை. பாத்திரம் கழுவும் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தி, தண்ணீர்க் குவளையைச் சாய்த்து, இப்படித்தானே, இப்படித்தானே என்று ஊற்றிக் காட்டினார். அந்தப் பெண் வெட்கப்பட்டு, "மாப்பிள்ள எங்கக்கா?" என்று கேட்டாள். அடுப்படியே சிரித்தது.

லீவு கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. பாஸ் மறுப்பார் என்று வாதாடத் தயாராக இருந்தேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"லீவு என்னக்கா லீவு? சாப்பாடு எங்க சொல்லியிருக்க?"

தாமானில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

"அலமாக்! என் கடை அக்கா வீட்டுக் கல்யாணத்துல வேற எவனோ சமைக்கிறதா? எனக்கு எவ்வளவு அசிங்கம்! வேணாம்னு சொல்லிரு. சாப்பாடு என் உபயம். மொத்தமும். கடைய அன்னைக்கு மூடிருவோம். நீ பட்டுச் சேலை கட்டிட்டு ராணி மாதிரி உக்காரு, போ."

அக்கா அழுதுவிட்டார். பாஸ் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "குடும்பத்து ஆளா நடத்தச் சொன்னீங்கள்ல, படிச்சவரே?" அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

சமைப்பதற்கு அந்த ஒருநாளைக்கு மட்டும் மூவாரிலிருந்து ஒருவரைப் பேசி வரவழைத்தேன். கல்யாண வீடுகளுக்கு அண்டா கணக்கில் சமைத்துப் பழகியவர். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்படி. அவர் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கேஸ் அடுப்புகளைச் சரிபார்த்து, யாரிடமும் பேசாமல் வேலையைத் தொடங்கிவிட்டார். சோறு வடித்தாகிவிட்டது. இரண்டு பொரியல்கள் முடிந்துவிட்டன. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது பாஸ் பட்டு வேட்டியில் வந்தார். கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

"என்னண்ணே இது, சாம்பாரா மூவார் ஆத்துத் தண்ணியா?"

"பருப்பு இன்னும் சேக்கல பாஸ். சேத்தா கெட்டியாயிரும்," என்றார் மூவார்க்காரர் திரும்பாமல்.

அதோடு விட்டிருக்கலாம். பாஸ் விடமாட்டார். பரிமாற வந்திருந்த எங்கள் பையன்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "டேய், எல்லாரும் வாங்கடா! கோப்பை எடுத்துட்டு வாங்க. மூவார் சுடுதண்ணி, ஃப்ரீ!" அவர்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாஸே ஊற்றிக் கொடுத்தார். ஒருவன் குடித்துவிட்டுக் கொப்பளிப்பதுபோல் நடித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

மூவார்க்காரர் சாம்பார் அடுப்பை அணைத்தார். கையைத் துணியில் துடைத்தார். "தண்ணின்னா குளிச்சுக்குங்க பாஸ்," என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் மோட்டார் வரை ஓடினேன். கெஞ்சினேன். "தம்பி, நீங்க நல்ல பிள்ளையா இருக்கீங்க. வேற வேலை பாருங்க," என்றார். வண்டி வாசலைத் தாண்டிவிட்டது.

திரும்பி வந்தபோது பாஸ் அண்டாக்களைப் பார்த்தபடி நின்றார். சாம்பார் பாதியில், வடை மாவு அப்படியே, அப்பளம் பொரிக்கவில்லை, பாயசம் தொடங்கவே இல்லை.

"அக்காவக் கூட்டிட்டு வா."

"பாஸ், அவங்க பொண்ணுக்கு அம்மா."

"அதனாலதான்டா சொல்றேன். சோறு இல்லன்னா அசிங்கம் யாருக்கு? எனக்கா?"

மணப்பெண் அறையில் அக்கா மயில் கழுத்து நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தார். மகள் முழு அலங்காரத்தோடு பின்னால் நின்று அவருடைய கொண்டையில் மல்லிகைச் சரத்தைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்டி. பாக்கிறவங்க என்ன சொல்வாங்க."

"பேசறவங்க என்கிட்ட வந்து பேசட்டும். ஆடாம உக்காரும்மா."

நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, எங்கம்மா இன்னிக்கு லீவுல இருக்காங்க."

"சும்மா இரு. நம்ம வீட்டு வேலைதான?" என்று அக்கா எழுந்துவிட்டார். "முகூர்த்தத்துக்கு நேரம் கெடக்கு. ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துர்றேன். நேரமானா தம்பி வந்து கூப்பிடுவாப்ல. கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடுறேன்கா."

"வரலன்னா நான் உக்கார மாட்டேன்மா," என்றாள் மகள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அடுப்படி வாசலில் பாஸ் அக்காவை நிறுத்தினார். "பூவக் கழட்டிட்டு வாக்கா. குழம்புல விழுந்தா நல்லா இருக்காது." அது சரியான பேச்சுதான், அதுதான் அதிலிருந்த கேடு. அக்கா சரத்தை உருவி ஜன்னல் திட்டில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். யாருடைய அழுக்கு ஏப்ரனையோ பட்டின்மேல் கட்டிக்கொண்டார். பருப்பைச் சேர்த்தார், வடையைத் தட்டினார், இரண்டு பக்கமும் பையன்களை விரட்டினார். அவர் உள்ளே வந்ததும் அடுப்படிக்கு உயிர் வந்தது. பாஸ் சுவரில் சாய்ந்து, "பாத்தீங்களாடா, என் அக்கா," என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மண்டபத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்த கதவில் நின்றேன். குருக்களுக்கு அடுத்து வேறொரு கோயிலில் கல்யாணம் இருந்தது, மந்திரம் வேகமாகப் போனது. அம்மா வந்துவிடுவார் என்று சொல்லிப் பெண்ணைக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். 'பெற்றவங்க வரலாம்' என்று அவர் குரல் கொடுத்ததும் நான் உள்ளே ஓடினேன்.

"அக்கா, கூப்பிடுறாங்க!"

அக்கா பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். பால் ஊற்றிப் பருப்பு திரண்டு வரும் நேரம். கரண்டியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"போக்கா, போ," என்றார் பாஸ். தடுக்கவே இல்லை. "அடி பிடிச்சா பிடிக்கட்டும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க கருகின பாயசத்தக் குடிச்சுட்டு, பொண்ணு வீட்டுச் சாப்பாடு இப்படித்தான்னு சொல்லிட்டுப் போவாங்க. அதையும் காலம்பூரா உன் மகதான் கேக்கணும். நீ போ."

அக்கா கதவைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"நான் கிண்டுறேன், நீங்க போங்கக்கா," என்று நான் கரண்டியை எடுத்தேன். பாஸ் அதை என் கையிலிருந்து வாங்கினார். "உங்க டிகிரி இதுக்கு உதவாது, படிச்சவரே." கரண்டியை அக்காவிடம் நீட்டினார்.

"ஒரு நிமிசம்," என்றார் அக்கா. "எறக்கி வச்சுட்டு வந்துர்றேன். இருக்கச் சொல்லுங்க தம்பி."

நான் திரும்பி ஓடினேன். அம்மா எங்கே என்று பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். "வந்துருவா, நீ கைய நீட்டு," என்றார் பெரியம்மா. அவள் நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஒரு நிமிசம்னு சொன்னாங்க," என்று நான் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. மண்டபமே எட்டி எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை குனிந்து ஏதோ சொன்னான். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள், என்னைப் பார்த்தாள், என் பின்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்தாள். கையை நீட்டினாள். பெரியப்பா தண்ணீர் வார்த்தார்.

"இவ அம்மாவுக்கே மனசு வரல போல," என்றார் பெரியம்மா, முன்வரிசைக்குக் கேட்கும்படி. "முறைன்னு ஒண்ணு தெரியும்ல அவளுக்கு."

சிறிது நேரத்தில் கெட்டிமேளம் முழங்கியது. நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஆவிக்கு நடுவே அக்கா இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார். மேளம் கேட்டது. கை நிற்கவில்லை. நின்றால் அடி பிடித்துவிடும்.

பந்திக்கு முன் பெரியப்பா ஒலிபெருக்கியை வாங்கினார். இன்றைய சாப்பாடு முழுவதும் எங்கள் பாஸின் உபயம் என்றும், தொழிலாளியைக் குடும்பமாகப் பார்க்கும் இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்றும் அறிவித்தார். பாஸை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் ஓயவில்லை. அவர் கண்கலங்கிக் கும்பிட்டார், நடிக்கவில்லை. பிறகு மாப்பிள்ளையின் அப்பாவைக் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டி வந்து காட்டினார். "பாருங்க, பொண்ணோட அம்மாவே சமைச்சது. எங்க கெடைக்கும் இப்படி ஒரு ஆளு?"

மாப்பிள்ளையின் அப்பா பாயசத்தைப் புகழ்ந்தார். அக்கா சிரித்தார். படம் எடுக்கக் கூப்பிட்டபோது, சேலையெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து அக்காவின் காலில் விழுந்தார்கள். மகள் எழுந்ததும் திரும்பி நடந்தாள்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். "பாத்துக்கங்கடா, இதுதான் நம்பிக்கையான ஆளு," என்று பாஸ் எல்லாரையும் கூட்டிச் சொன்னார். அக்கா வேலை செய்தார், சிரிப்பு காட்டவில்லை. மகள் குளுவாங்கில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒருநாள் எடுத்தாள். அக்காவின் கையெல்லாம் வடை மாவு, கைப்பேசியைத் திட்டில் வைத்து ஒலிபெருக்கியில் பேசினார். அதனால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"ஊரோட சண்டை போட்டு உனக்கு அந்த எடத்த வாங்கிக் குடுத்தேன்மா. நீ பாயசம் கிண்டிட்டு இருந்த."

"அடி பிடிச்சிருந்தா உனக்குத்தானடி கெட்ட பேரு..."

"பிடிச்சிருந்தா என்னம்மா? யாரு செத்துருப்பா?"

மறுமுனையில் அவள் வைத்துவிட்டாள். அக்கா எண்ணெயில் கிடந்த வடைகளை வேகவிட்டு எடுத்தார். அடுப்பை அணைத்தார். வெளியே போய்க் காசு மேசை முன்னால் நின்றார். சொல்லிக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான்.

"பாஸ், நாளையிலேருந்து வரமாட்டேன்."

"என்னக்கா பேச்சு இது? உன் மக கல்யாணத்தையே நடத்தி வச்சவன் நான்!"

"ஆமா பாஸ். நீங்கதான் நடத்துனீங்க."

அவர் போனதும் பாஸ் கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினார். மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு போட்டதையும், வேலை முடிந்ததும் நன்றி கெட்டுக் கிளம்பிவிட்டதையும் சொல்லி, நம்ப முடியாத ஆள், வந்து கேட்டால் சேர்க்காதீர்கள் என்று முடித்தார். குரல் உடைந்திருந்தது. உண்மையிலேயே மனம் நொந்திருந்தார். அக்கா பக்கத்துத் தாமான்களில் வேலை கேட்டுப் போனார் என்றும், ஆள் தேவை என்ற பலகை தொங்கும் கடையிலேயே இடம் இல்லை என்றார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். என் எண்ணை அவர் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய காரணமும் இல்லை.

அடுத்த வாரம் உலு திராமிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கையில் தீக்காயத் தழும்புகள், தொழில் தெரிந்த ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. பாஸுக்குப் பிடித்துப்போனது. அடுப்படியைக் காட்டச் சொல்லி என்னிடம் அனுப்பினார். அவர் ஒவ்வோர் அடுப்பையும் பற்றவைத்து அணைத்தார், புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"முன்னாடி இருந்தவங்க ஏன் தம்பி போனாங்க?"

நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில் இலையை, மூவார்க்காரரை, மல்லிகைச் சரத்தை, பாயசத்தை, குரல் செய்தியை. இதைக் கேட்டுவிட்டு இவர் போய்விடவேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் ஓர் இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசி அடுப்பின் குமிழைத் திருகி நெருப்பைச் சிறிதாக்கினார்.

"எனக்குப் பொண்ணு இல்ல தம்பி," என்றார். "காலையில எத்தன மணிக்கு வரணும்?"